உண்ணிக்கடித் தடுப்பூசி கேட்டுப் போன இடம்: சேலத்துப் பயண மருத்துவ ஆலோசனை மையம் ஒன்றின் மதிப்புரை

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடியில் இயங்கிவரும் சிறிய பயண மருத்துவ ஆலோசனை மையத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. பாராட்ட வேண்டியதும் குறை சொல்ல வேண்டியதும் கலந்தே இருப்பதால் மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. உண்ணிக்கடியால் பரவும் மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசியைக் கேட்டு அங்கே சென்றேன்; அது அவர்களிடம் இல்லை. ஆனாலும் ஆலோசனைக் கட்டணமாகக் கொடுத்த 700 ரூபாய் வீண்போகவில்லை என்பதே என் முடிவு. இங்கே கிடைக்காத ஒரு தடுப்பூசியைச் சுற்றி ஒரு வெளிநாட்டுப் பயணத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை அங்கேதான் கற்றேன்.

என் தங்கை குடும்பம் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வசிக்கிறது. மே மாத நடுவில் போய் ஆகஸ்ட் முதல் வாரத்தில் திரும்புவதாகவும், அதற்கிடையில் ஸ்டைரியா மாநிலத்துக் காட்டுப் பாதைகளில் இயன்றவரை நடப்பதாகவும் திட்டம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நடந்தே பழகியவன் என்பதால் அட்டையும் உண்ணியும் எனக்குப் புதியவை அல்ல. மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் அவற்றைப் பிடுங்கிப் போட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள். அதனால் தங்கை தொலைபேசியில், "அண்ணா, இங்க உண்ணிக்கு ஊசி போடாம யாரும் காட்டுப் பக்கம் போறதில்ல, நீங்க அங்கயே போட்டுக்கிட்டு வந்துடுங்க" என்றபோது அது சற்று மிகையாகவே பட்டது. விசாரித்துப் பார்த்ததில் தங்கை சொன்னது சரி என்று தெரிந்தது. 1970-களில் வியன்னாவின் நுண்ணுயிரியலாளர் கிறிஸ்டியன் குன்ஸ் இந்தத் தடுப்பூசியை உருவாக்கிய நாடு அது. 1981-இல் தொடங்கிய தடுப்பூசி இயக்கத்தின் பயனாக இன்று அங்கே ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஒரு தவணையாவது போட்டுக்கொண்டவர்கள்.

முதல் குறை தொலைபேசியிலேயே தொடங்கிவிட்டது. வரவேற்பில் இருந்த பெண், "எல்லா டிராவல் வேக்ஸினும் இருக்குங்க சார், நேர்ல வாங்க" என்றார். அந்த நம்பிக்கையில் மலையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் இறங்கி வந்து, டோக்கன் வாங்கி, நெடுநேரம் காத்திருந்த பிறகுதான் உண்ணி மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி அவர்களிடம் இல்லை என்பது தெரிந்தது. எனக்கு முன்னால் நின்ற இளைஞர் ஒருவர் கென்யா செல்வதற்காக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்டு வந்திருந்தார். அதை அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள், சென்னை கிண்டியில் உள்ள கிங் நிறுவனத்துக்குச் செல்லுங்கள் என்று அவரையும் அனுப்பிவிட்டார்கள். இந்த இரண்டு செய்தியையும் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். உள்ளே இருக்கும் மருத்துவர் எவ்வளவு கவனமானவரோ, வெளியே இருக்கும் தொலைபேசி அவ்வளவு கவனக்குறைவானது.

மருத்துவர் ஒரு பெண்மணி. நான் கேட்டதும், "அந்த ஊசி எங்ககிட்ட இல்லீங்க. இருந்தாலும், உங்களுக்கு அது வேணுமா வேண்டாமான்னு முதல்ல பார்த்துடலாம்" என்று சொல்லி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டார். எந்த நாடு என்று கேட்டதோடு நிற்கவில்லை. எந்த மாநிலம், எந்த மாதம், தங்குவது நகரத்திலா பண்ணை வீட்டிலா, நடப்பது காட்டுக்குள்ளா மரம் முளைக்காத உயரத்திலா, கூடாரம் போடுவீர்களா, காளான் பறிக்கப் போவீர்களா, பண்ணையில் காய்ச்சாத ஆட்டுப்பால் கொடுத்தால் குடிப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்வி எனக்கு வியப்பாக இருந்தது. இந்த வைரஸ் உண்ணிக்கடியால் மட்டுமின்றி, நோய் தொற்றிய ஆடு, செம்மறி, பசு ஆகியவற்றின் காய்ச்சாத பாலின் வழியாகவும் பரவும் என்று விளக்கினார். மலைப்பண்ணைகளில் விருந்தினருக்குப் பச்சைப் பாலும் அதிலிருந்து செய்த பாலாடைக்கட்டியும் கொடுப்பது அங்கே வழக்கமாம்.

உயரத்தைப் பற்றிய என் எண்ணத்தையும் அவர் திருத்தினார். கிராஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷோக்கல் மலையின் உயரம் 1,445 மீட்டர். நம் ஏற்காடு ஏறக்குறைய 1,515 மீட்டர். அந்தக் குளிர்ந்த நாட்டில் அவ்வளவு உயரத்தில் உண்ணி எங்கே இருக்கப் போகிறது என்பது என் வாதம். ஆல்ப்ஸ் பகுதியில் அவை பெருமளவில் இருப்பது 1,500 மீட்டருக்குக் கீழேதான் என்றும், வெப்பம் கூடக்கூட அந்த எல்லை மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்றும், ஷோக்கலின் அடிவாரக் காடுகள் முழுவதும் அந்த எல்லைக்குள் வந்துவிடுகின்றன என்றும் அவர் சொன்னபோது வாதம் அங்கேயே முடிந்தது.

நோயைப் பற்றி அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். கடித்த ஒன்றிரண்டு வாரத்தில் சாதாரணக் காய்ச்சல், உடல்வலி, தலைவலி வரும். சில நாளில் அது இறங்கிவிடும். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, சிலருக்கு இரண்டாம் கட்டமாக மூளையையும் மூளையுறையையும் அது தாக்கும். ஐரோப்பிய வகை வைரஸால் இறப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் போவதில்லை. தூரக்கிழக்கு வகை இன்னும் கடுமையானது. பிழைத்தவர்களிலும் பலருக்கு நினைவுக் குறைவோ நடைத் தடுமாற்றமோ நெடுங்காலம் தொடரும். வைரஸை ஒழிக்கும் மருந்து எதுவும் இல்லை. விசாவுக்காக 30,000 யூரோவுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறேன் என்று நான் சொன்னதற்கு, "அது ஆஸ்பத்திரி பில்லுக்குங்க, மருந்து இல்லாத நோய்க்குக் காப்பீடு என்ன பண்ணும்?" என்றார் சிரிக்காமல்.

இந்த மையத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது இதற்கு அடுத்து நடந்ததற்காக. தடுப்பூசியின் கால அட்டவணையை அவர் தாளில் வரைந்து காட்டினார். ஆஸ்திரியாவில் பரவலாகப் போடப்படும் எஃப்எஸ்எம்இ-இம்யூன் (எஃப்எஸ்எம்இ என்பது உண்ணி மூளைக்காய்ச்சலின் ஜெர்மன் சுருக்கப்பெயர்) ஊசியின் வழக்கமான முறையில், முதல் தவணைக்கு 1 முதல் 3 மாதம் கழித்து இரண்டாவது, அதற்கு 5 முதல் 12 மாதம் கழித்து மூன்றாவது. அவசரமாகத் தேவைப்படுபவர்களுக்கு இரண்டாம் தவணையை 14 நாளிலேயே போடலாம். என்செப்பூர் என்ற மற்றொரு ஊசிக்கு 0, 7, 21 ஆகிய நாள்களில் போடும் விரைவு முறை உண்டு. எந்த முறையானாலும் முதல் ஊசியை மட்டும் நம்பிக் காட்டுக்குள் போகக் கூடாது. நம்பத்தக்க எதிர்ப்பாற்றல் வருவதற்கு இரண்டாம் தவணைக்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே இங்கே ஊசி கிடைக்காமல், அங்கே போய் இறங்கி, பத்து நாள் சுற்றிவிட்டுத் திரும்பும் சுற்றுலாப் பயணிக்கு இந்தத் தடுப்பூசியால் அந்தப் பயணத்தில் ஒரு பயனும் இல்லை. அவர் வீடு திரும்பிய பிறகே பாதுகாப்பு வந்து சேரும். அப்படிப்பட்டவர் பணத்தை ஊசியில் போடாமல் நல்ல உண்ணி விரட்டியிலும் நீளக் காலுறையிலும் போடட்டும் என்பது மருத்துவரின் கருத்து. ஊசி வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டி முன்பணம் கேட்கும் இடங்களையே பார்த்துப் பழகிய எனக்கு இந்த நேர்மை பிடித்திருந்தது.

எனக்கோ ஷெங்கன் விசாவின் 90 நாள் வரம்புக்குள் ஏறக்குறைய முழுக் கோடையும் கையில் இருந்தது. பயணத்தின் வரிசையையே அவர் மாற்றி எழுதினார். போய் இறங்கியதும் முதல் தவணை. இரண்டு வாரத்தில் இரண்டாவது. அதற்கு மேல் இரண்டு வாரம் கழியும்வரை நகரம், அருங்காட்சியகம், மரம் முளைக்காத உயரத்தில் பனியாறு உள்ள டாக்ஸ்டைன் போன்ற இடங்கள். காட்டுப் பாதைகள் எல்லாம் ஜூன் கடைசிக்கு மேல். நான் முதல் வாரத்திலேயே போக நினைத்திருந்த அடிவாரக் காடுகள் அப்படியே கடைசிக்குத் தள்ளப்பட்டன. நகரத்துப் பூங்காப் புல்லிலும் உண்ணி இருக்கும், அங்கே போய்ப் படுத்துவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையையும் அதே தாளில் எழுதிக் கொடுத்தார்.

என் முறை வருவதற்கு முன்பே கதவு திறந்திருந்ததால் இன்னொரு ஆலோசனையும் காதில் விழுந்தது. மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான், பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் போகிறோம் என்று ஒரு வயதான தம்பதி வந்திருந்தார்கள். "ஏனுங்க டாக்டரம்மா, பையன் வீட்டுக்குப் பின்னால காடுங்க, உண்ணி ஊசி எங்களுக்கும் போட்டு விடுங்க" என்று அந்த அம்மாள் கேட்டார். அமெரிக்காவில் இந்த மூளைக்காய்ச்சல் வைரஸ் கிடையாது, அந்த ஊசி உங்களுக்குத் தேவையே இல்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். அங்கே கவலைப்பட வேண்டியது லைம் நோய். அதுவும் உண்ணி பரப்புவதுதான், ஆனால் பாக்டீரியாவால் வருவது. மனிதர்களுக்கு அதற்கு இருந்த ஒரே தடுப்பூசி 2002-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. ஆனால் டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளால் குணமாகும். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினால் மகனிடம் சொல்லி உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார். சேலம், நாமக்கல், ஈரோடு என்று நம் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் அமெரிக்கா செல்லும் பெற்றோர் எத்தனையோ பேர். ஐரோப்பாவின் ஊசியை அமெரிக்காவுக்காகத் தேடுபவர்கள் அவர்களிலும் இருப்பார்கள் போலும்.

ஆஸ்திரியாவிலும் உண்ணிகள் பரப்பும் இந்த லைம் பாக்டீரியா உடலுக்குள் இறங்குவதற்குப் பொதுவாக உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே மாலையில் உடலைச் சோதித்துப் பிடுங்கிவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். மூளைக்காய்ச்சல் வைரஸோ உண்ணியின் உமிழ்நீரிலேயே இருப்பதால் கடித்த சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். ஒன்றுக்குச் சோதனை போதும், மற்றதற்கு ஊசி வேண்டும் என்பதன் காரணம் இதுதான். ஊசி போட்டாயிற்று என்று சோதனையை விட்டுவிடுபவர்களுக்கு லைம் நோய் வரும் என்றும் அவர் சொன்னார். இதற்கு முன் நான் படித்த எந்தத் துண்டறிக்கையும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

உங்களுக்கு எப்போதாவது டெங்கு வந்திருக்கிறதா என்று அவர் கேட்டபோது, இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றியது. டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல், இந்த உண்ணி மூளைக்காய்ச்சல் எல்லாமே ஒரே வைரஸ் குடும்பம். முன்பு டெங்கு வந்தவருக்கோ ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டவருக்கோ ஐரோப்பாவில் காய்ச்சல் வந்து ரத்தத்தில் எதிர்ப்பொருளைச் சோதித்தால், முடிவு தவறாகக் காட்டக்கூடும். அங்குள்ள மருத்துவருக்கு டெங்குவைப் பற்றிக் கேட்கத் தோன்றாமல் போகலாம். நீங்களாகவே சொல்லிவிடுங்கள் என்றார். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு மிகவும் தேவையான அறிவுரை இது. முட்டை ஒவ்வாமை உண்டா என்பதையும் கேட்டார். வைரஸைக் கோழிக்கருவின் உயிரணுக்களில் வளர்த்து இந்த ஊசியைத் தயாரிப்பதால், முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் முன்னதாகவே சொல்ல வேண்டுமாம்.

உண்ணியைப் பிடுங்கும் முறையைச் செய்தே காட்டினார்கள். நம் ஊரில் மண்ணெண்ணெய் தடவுவோம், ஊதுபத்தியால் சுடுவோம், விரலால் திருகி இழுப்போம். எல்லாமே தவறு என்றார். அப்படிச் செய்தால் உண்ணி தன் வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள் கக்கிவிடக்கூடும். முனை கூர்மையான முள்வாங்கியால் தோலை ஒட்டித் தலைப்பகுதியைப் பிடித்து, முறுக்காமல், நேர் மேலாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். கையுறை மாட்டிய ஒரு செவிலியர் சிலிக்கான் தோல்துண்டு ஒன்றில் குத்திவைத்த மாதிரி உண்ணியை எடுத்துக் காட்டினார். பிறகு என்னையும் எடுக்கச் சொன்னார். இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும் என்பதால், அழகு நிலையங்களில் புருவத்துக்குப் பயன்படும் அகன்ற முனை முள்வாங்கி அதை நசுக்கிவிடும். எங்கே போய் நுண்முனை வாங்குவது என்ற என் கேள்விக்கு அந்தச் செவிலியரே, "செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறைக்காரங்க சாமான் வாங்குற கடைக்குப் போங்க சார், மணி பொறுக்குறதுக்கு வெச்சிருப்பாங்க" என்றார். அங்கே வாங்கியதுதான் பின்னால் ஸ்டைரியாவில் உதவியது. வெள்ளி வேலைக்கு என்று செய்யப்பட்ட கருவி வேறொரு கண்டத்தில் உண்ணி பிடுங்குவதற்கும் ஆகும் என்பது சேலத்துக்காரனாக எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

குறைகள் இன்னும் சில. கையில் கொடுத்த அச்சிட்ட குறிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அதிலும் ஊசியின் பெயராக டிகோவாக் என்று மட்டுமே போட்டிருந்தார்கள். அதே எஃப்எஸ்எம்இ-இம்யூன் ஊசி 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது அந்தப் பெயரில்தான். ஆஸ்திரிய மருந்தகத்தில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் விற்பவர் விழிக்கக்கூடும். எஃப்எஸ்எம்இ என்றால்தான் அங்கே புரியும். மருத்துவர் கைப்பட எழுதித் தந்திராவிட்டால் நானும் குழம்பியிருப்பேன். நியூ ஜெர்சி போகும் அந்தத் தம்பதிக்கும் இதே ஆங்கிலத் தாளைத்தான் கொடுத்தார்கள். அதை அவர்கள் வீட்டில் யார் படித்துச் சொல்லப் போகிறார்கள்? கீழே உள்ள மருந்துக்கடையில் கொசுவுக்கு என்று விற்கும் களிம்பை "உண்ணிக்கும் கேட்குங்க" என்று சொல்லி விற்கப் பார்த்ததும் சரியில்லை. மருத்துவர் எனக்குச் சொன்னது 20 முதல் 30 விழுக்காடு டீட் அல்லது 20 விழுக்காடு பிகாரிடின் உள்ள பூச்சி விரட்டியை அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிப்பதானால் துணிக்கு மட்டும், தோலுக்குக் கூடாது. மேலே ஒரு பேச்சும் கீழே ஒரு பேச்சுமாக இருப்பதை அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

தடுப்பூசியைப் பற்றி ஒரு பயனாளியாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆஸ்திரியாவில் ஊசி மருந்தை மருந்தகத்தில் வாங்கி, மருத்துவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்வதும் வழக்கம்தான். தங்கையின் குடும்ப மருத்துவர் அப்படித்தான் போட்டார். பெரியவர்களுக்கு 0.5 மி.லி., தோள்பட்டையில். அன்று இரவு கை வலித்தது, மறுநாள் லேசான தலைவலி, அவ்வளவுதான். ஜூலையில் ஷோக்கல் அடிவாரத்தில் நடந்து வந்த மாலையில் முழங்காலின் பின்மடிப்பில் ஒன்று ஒட்டியிருந்தது. தங்கை மகள் கைபேசி விளக்கைக் காட்ட, செவ்வாய்ப்பேட்டை முள்வாங்கியால் தலையோடு முழுதாக எடுத்தேன். தேதியைக் குறித்துவைத்துச் சில வாரம் கவனித்ததில் சிவப்பு வட்டம் எதுவும் வரவில்லை.

ஊர் திரும்பிய பிறகு மறுமுறை சென்றபோது இரண்டு கேள்விகள் கேட்டேன். இந்த ஊசி நம் பக்கத்து உண்ணிகளுக்கும் ஆகுமா என்பது ஒன்று. 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட, குரங்குக் காய்ச்சல் என்று மக்கள் சொல்லும் கியாசனூர் காட்டுக் காய்ச்சலும் இதே குடும்பத்து வைரஸ்தான். ஆனாலும் அதற்கு இந்த ஊசியை நம்பக் கூடாது என்றார். சேர்வராயன் மலைப் பக்கம் காய்ச்சலோடு தோலில் கருகிய பொருக்குப் போலப் புண் இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஸ்கிரப் டைஃபஸ். அதைப் பரப்புவது உண்ணி அல்ல, அதைவிடச் சிறிய ஒரு சிலந்திப்பேன். தடுப்பூசி இல்லை, டாக்சிசைக்ளின் கேட்கும். தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள் என்று அவராகவே சொன்னார்.

மற்றது மூன்றாம் தவணை பற்றியது. இரண்டாவதற்கு ஓராண்டுக்குள் போட வேண்டியதை இங்கே போட வழியில்லை. தாமதமானாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, அடுத்த பயணத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், போட்ட தவணை எதுவும் கணக்கில் விடுபடாது என்றார். மூன்றாவதும் முடிந்தால் முதல் ஊக்கத் தவணை 3 ஆண்டில். அதன் பிறகு பொதுவாக 5 ஆண்டுக்கு ஒருமுறை. அறுபதைக் கடந்த என் போன்றவர்களுக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை. கிராஸில் கொடுத்த தடுப்பூசிப் புத்தகத்தின் பக்கங்களை நகலெடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை வந்ததற்குக் கட்டணம் வாங்கவில்லை.

போக விரும்புகிறவர்கள் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே, விமானச் சீட்டின் தேதியை முடிவு செய்வதற்கு முன்பு போவது நல்லது. பயண வரிசையை மாற்ற அப்போதுதான் இடம் இருக்கும். போகும் நாடு மட்டுமல்லாமல் ஊர்ப் பெயர்களையும் மாதத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். தொலைபேசியில் எந்த ஊசி இருக்கிறது என்று கேட்காதீர்கள். மருத்துவர் எத்தனை மணிக்கு வருவார் என்பதை மட்டும் கேளுங்கள், அதற்கு மட்டும் சரியான பதில் கிடைக்கிறது. வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் அஸ்தம்பட்டியிலேயே பேருந்தில் இறங்கி நடந்துவிடலாம்.